சுத்த தன்யாசியில் ஒரு ஒப்பாரி

புதன்கிழமைகளில் மாலை ஏழு மணி தொடக்கம் எட்டு மணி வரை நான் கிரேக்கப் பெண். மற்ற நேரமெல்லாம் டென்மார்க்கில், ஹ்விடோவ்ரேயில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சின்னதுகளுக்குச் சப்பாத்து மாட்டிவிடுகிற யாழ்ப்பாணத்து மனுசி. இரண்டுக்கும் நடுவே ஒரு பஸ் பயணம்தான் தூரம். அந்தப் பஸ்ஸை ஓட்டுகிறவர் சில வேளை என் வீட்டுக்காரராகவே இருப்பார். அப்படியான நாட்களில் முன் ஆசனத்தில் இருந்து அவருக்குக் கிளாரினெட் பற்றி விளக்கிக்கொண்டே போவேன். ஓட்டுநரோடு கதைக்க வேண்டாம் என்று பஸ்ஸில் எழுதியிருப்பதை அவர் விரலால் காட்டுவார். நான் நிறுத்தமாட்டேன்.

எங்கள் உள்ளூர் வானொலி ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் இருக்கிறது, இணையத்திலும் கேட்கலாம். அங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆளுக்கொரு மணித்தியாலம், ஆளுக்கொரு பைத்தியம். ஒருவர் பொம்மை ரயில்களைப் பற்றியே கதைப்பார். இன்னொருவர் பித்தளை வாத்தியக் குழுக்களின் இசைத்தட்டுகளை மட்டும் போடுவார். எங்கள் பெந்தெகொஸ்தே சபைக்கும் ஒரு தமிழ் மணித்தியாலம் உண்டு. பாஸ்டர் பேசுவார், நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பொத்தான்களை அழுத்துவேன். வானொலியில் என் பங்கு அவ்வளவுதான், அதிலேயே எனக்கு வலு பெருமை.

எங்களுக்கு அடுத்த மணித்தியாலம் ஓய்வுபெற்ற டெனிஷ் வாத்தியார் ஒருவருடையது. கிரேக்க நாட்டுப்புற இசை. ஒரு நாள் எங்கள் நிகழ்ச்சி முடிந்து நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு தட்டைப் போட்டார். வயலின், மத்தளம் மாதிரி ஏதோ ஒன்று, யாரோ ஒரு பெண்ணின் உரத்த குரல். என் வலது கை என்னைக் கேட்காமலே தொடையில் தட்டத் தொடங்கிவிட்டது. தகிட தகதிமி, தகிட தகதிமி. ஏழு. அச்சொட்டாக மிஸ்ர சாபு. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டு படித்தவள் நான். சபைக்கு வந்தபின் கீர்த்தனையெல்லாம் மறந்துபோயிற்று, கை மட்டும் மறக்கவில்லை. வயரைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

“உங்கட ஆக்களுக்கு இதை ஆர் சொல்லித் தந்தது?” என்று கேட்டேன். டெனிஷில்தான் கேட்டேன், ஆனால் என் டெனிஷை எழுதினால் இப்படித்தான் வரும்.

“என்னுடைய ஆட்களா? நான் இந்த நாட்டில், ஹோர்சன்ஸில் பிறந்தவன்,” என்றார் அவர். இது கிரேக்கம் முழுக்க ஆடுகிற வட்ட நடனம் என்றும், டெனிஷ்காரர் ஆடினால் எப்போதும் ஒரு கால் அந்தரத்தில் மிஞ்சும் என்றும் சொன்னார். நான் அன்று இறங்க வேண்டிய தரிப்பிடத்தை விட்டு, அதற்கு அடுத்ததையும் விட்டு, இஷொய்க்குக் கிட்டப் போய்த்தான் இறங்கினேன். காதலித்த காலத்தில்கூட நான் தரிப்பிடத்தைத் தவறவிட்டதில்லை.

பிறகு வாத்தியார் முழங்கால் நோவுக்கு வெயில் நல்லது என்று ஏதோ ஒரு கிரேக்கத் தீவுக்கே குடிபோய்விட்டார். மணித்தியாலம் காலியானது. வானொலியின் தலைவி, கழுத்தில் சாவிக்கொத்தோடு திரிகிற உயரமான டெனிஷ் அம்மா, எல்லாவற்றையும் முறைப்படி செய்கிறவர். கூட்டம் கூட்டி, இந்த மணித்தியாலத்தை எடுக்க யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். பித்தளை வாத்தியக்காரர் தொண்டையைச் செருமினார். ஒரு கை உயர்ந்தது. அது என் கை என்று எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

வீட்டில் இவர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“உமக்குக் கிரேக்கத்தில ஒரு சொல்லாவது தெரியுமோ?”

“தெரியாது.”

“பேந்தென்ன துணிவில கையைத் தூக்கினனீர்?”

“தாளம் தெரியுமப்பா.”

அவர் கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சபைப் பாட்டு அல்லாத உலகப் பாட்டுகள் அவருக்கு அவ்வளவு பிடிக்காது. சபையில் கைதட்டுவார், வீட்டில் செய்தி கேட்பார், அதோடு சரி.

ஆராய்ச்சி என்றால் பெரிய சொல். நான் செய்ததற்கு அந்தச் சொல்லைத்தான் வைத்துக்கொள்கிறேன், யார் கேட்கப்போகிறார்கள். சனிக்கிழமைகளில் பழைய பொருட்கள் விற்கிற கடைகளில் தரையில் குந்தி இசைத்தட்டுப் பெட்டிகளைக் கிளறுவேன். விடுமுறைக்குக் கிரேக்கம் போன டெனிஷ்காரர் வாங்கி வந்து, ஒருதரம் கேட்டு, அலுத்து எறிந்த தட்டுகள் அங்கே எக்கச்சக்கம். நூலகத்தில் புத்தகங்களுக்குச் சொல்லிவைப்பேன். ரயிலில் கிரேக்க எழுத்துகளை வாய்விட்டுப் படிப்பேன், பக்கத்தில் இருக்கிறவர்கள் மெல்ல எழும்பி வேறு பெட்டிக்குப் போவார்கள். மீதி ஆராய்ச்சி குசினியில் நடந்தது. ஒன்பது எண்ணிக்கையில் போகிற நடனம் ஒன்று இருக்கிறது, இரண்டு இரண்டு இரண்டு மூன்று. அதைப் பிடிக்கும்வரை வெங்காயத்தை அப்படியே வெட்டினேன்.

“வெங்காயத்தை வெங்காயம் மாதிரி வெட்டும்,” என்று இவர் வாசலில் நின்று சொன்னார். “மூண்டுக்கு வரேக்க எனக்கு நெஞ்சு திக்கெண்டுது.”

காப்பகத்திலும் விட்டுவைக்கவில்லை. ஜாக்கெட் போட வரிசையாகப் போகிற சின்னதுகள் தகிட தகதிமி என்று காலைத் தட்டிப் போகப் பழகிவிட்டார்கள். ஒரு டெனிஷ் அப்பா வந்து, மகன் வீட்டில் பல் தீட்டும்போது ஏதோ சொல்கிறான், அது தமிழா என்று கேட்டார். தாளம் தமிழ், நடனம் கிரேக்கம் என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார், விளங்கியதா என்பது வேறு கதை.

நிகழ்ச்சியை டெனிஷில் செய்தேன். ஆனால் வானொலி என்றால் எனக்குத் தெரிந்த வானொலி ஒன்றுதான், சின்ன வயதில் இலங்கையில் கேட்டது. அதில் பிறந்தநாள் வாழ்த்து இல்லாமல் ஒரு நாள் விடியாது. அதனால் நானும் முதல் வாரமே சபையில் ஒரு பிள்ளைக்கு வாழ்த்துச் சொன்னேன். இந்தப் பிள்ளையை அம்மா, அப்பா, கனடாவில் இருக்கும் பெரியம்மா, ஹோர்சன்ஸ் மாமா, மாமி, மச்சாள்மார் எல்லோரும் வாழ்த்துகிறார்கள் என்று மூச்சு விடாமல் சொல்லி, ஒரு கிரேக்கத் தீவுப் பாட்டைப் போட்டேன். அடுத்த வாரமே டென்மார்க் முழுவதிலும் இருந்து தமிழ்ச்சனம் போன் எடுக்கத் தொடங்கிவிட்டது. ஒருவருக்கும் கிரேக்கப் பாட்டு வேண்டியதில்லை, பேர் வந்தால் போதும். ஆனால் பேர் வரும்வரை பாட்டையும் கேட்டுத்தானே ஆக வேண்டும். மூன்று மாதத்தில் எங்கள் சபைப் பெண்கள் சமைத்துக்கொண்டே கிரேக்கத் தீவுப் பாட்டு முணுமுணுத்தார்கள். நேயர் கூடிவிட்டார்கள் என்று தலைவி சாவிக்கொத்தை ஆட்டிச் சிரித்தார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. கண்ணாடியைப் பார்த்துக் கிரேக்கத்தில் வணக்கம் சொல்லிக்கொள்வேன்.

அந்தக் கொழுப்பில்தான் விழுந்தேன்.

எங்கள் சபையில் ஒரு இளம் தாய், என்னை அன்ரி என்று கூப்பிடுகிறவள், தன் பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்கு வாழ்த்துக் கேட்டாள். நான் அந்த வாரம் உறை இல்லாத ஒரு தட்டு வாங்கியிருந்தேன். பேர் இல்லை, ஊர் இல்லை. ஊசியை வைத்தால் தனிக் கிளாரினெட், தாளம் இல்லாமல் இழைந்து இழைந்து போகிறது. காதைத் தீட்டிக் கேட்டேன். ஐந்தே சுரம். சுத்த தன்யாசி. எங்களுக்கு அது துள்ளுகிற ராகம், அதைக் கேட்டு யாரும் அழுததாக நான் அறியவில்லை. தாளம் இல்லாததால் இது ஆலாபனை என்று நானே முடிவு கட்டினேன். நிகழ்ச்சியின் கடைசியில் பிள்ளையை வாழ்த்தி, உறவுமுறையெல்லாம் சொல்லி, “ஒளி பொங்கும் இந்த இசையோடு விடைபெறுகிறேன்” என்று தட்டைப் போட்டு, முடிந்ததும் மைக்கை மூடிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுத்தேன்.

அடுத்த நாள் தலைவி போன் எடுத்தார். நிலவறைக்கு ஒரு கிரேக்கர் வந்திருக்கிறார், நீ வா என்றார். எனக்குப் புளுகம் தாங்கவில்லை. என் முதல் கிரேக்க நேயர். நல்ல சட்டை மாற்றிக்கொண்டு ஓடினேன்.

வந்திருந்தவர் காற்றாலை நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிற இளம் எஞ்சினியர். அவருடைய டெனிஷும் நொண்டி, என்னுடையதும் நொண்டி. மெல்ல மெல்ல விசயம் வந்தது. அவருடைய அம்மா வட கிரேக்கத்தில் எபிரஸ் என்கிற மலைநாட்டில் இருக்கிறார். மகன் இருக்கிற நாட்டின் வானொலியில் தங்கள் பாட்டு வருகிறது என்று அறிந்து, புதன்கிழமை தோறும் டேப்லெட்டைக் குளிர்ப்பெட்டிக்கு மேல் சாத்திவைத்துக் கேட்கிறார். டெனிஷில் ஒரு சொல் தெரியாது. நேற்றும் கேட்டார். கேட்டுவிட்டு மகனுக்குப் போன் எடுத்து, அந்தப் பெண்ணின் வீட்டில் செத்தது யார் என்று கேட்டிருக்கிறார்.

“அது மிரோலோய்,” என்றார் எஞ்சினியர். “செத்தவர்களுக்கு அழுகிற இசை.”

ஒப்பாரி. ஒரு வயதுப் பிள்ளைக்கு, மாமா மாமி பேரெல்லாம் சொல்லி, நான் போட்டது ஒப்பாரி. சுத்த தன்யாசியில் எந்த ஊரில் அழுகிறார்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. அதை விளங்கப்படுத்த என்னிடம் டெனிஷ் இல்லை.

எஞ்சினியர் அதோடு நிறுத்தவில்லை. அம்மாவுக்குக் கோபம் ஒப்பாரி போட்டதற்கு இல்லையாம். அவர்கள் ஊரில் திருவிழாவே ஒப்பாரியோடுதான் தொடங்குமாம். வாத்தியக்காரர் ஊர்ச் சதுக்கத்தில் குந்தி, செத்தவர்களுக்குத்தான் முதலில் வாசிப்பார்கள். சனம் சத்தமில்லாமல் கேட்கும். அது முடிந்த கையோடு நடனம் தொடங்க வேண்டும், எல்லோரும் எழும்ப வேண்டும். நான் ஒப்பாரியைப் போட்டுவிட்டுக் கடையை மூடிவிட்டேன்.

“செத்தவர்களைக் கூப்பிட்டு வாசலில் நிற்க வைத்துவிட்டு, இந்தப் பெண் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள் என்று அம்மா சொல்கிறார்.”

இது எனக்கு உடனே சுட்டது. ஆலாபனையை மட்டும் செய்துவிட்டுப் பாட்டைப் பாடாமல் எழும்பிப் போன வித்துவானை நாங்கள் என்ன சொல்லுவோம்?

தலைவி மட்டும் இரண்டு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டார்: குழந்தை, ஒப்பாரி. முகம் வெளுத்துப்போனது. எஞ்சினியர் அசல் கிரேக்கர். மணித்தியாலத்தை நீ எடுத்துக்கொள் என்று அவருடைய அம்மாவும் அவரிடம் சொல்லிவிட்டாராம். ஆகவே முறைப்படி பார்த்தால் அது அவருக்குத்தான் போக வேண்டும் என்றார் தலைவி. ஆனால் முறைப்படி என்னையும் கேட்க வேண்டும். அடுத்த மாதம் நூலக மண்டபத்தில் வானொலியின் திறந்த மாலை, நேயர்கள் நேரில் வந்து பார்க்கிற நிகழ்ச்சி, இருக்கிறது. அதில் நான் என் நிகழ்ச்சியைச் சனத்துக்கு முன்னால் நடத்திக் காட்டட்டும், பிறகு முடிவு செய்வோம்.

நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, கழிப்பறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். விம்மி விம்மி அழுதேன். ஒரு நாட்டுப்புறப் பாட்டு மணித்தியாலத்துக்காக இப்படி அழலாமா என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே அழுதேன். அந்த மணித்தியாலம் எனக்கு வேண்டும். வேறு எதையும் நான் அப்படி விரும்பியது கிடையாது.

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் அந்த இளம் தாயிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன்.

“பிள்ளைக்குச் செத்தவீட்டுப் பாட்டே போட்டனீங்கள், அன்ரி?”

“தெரியாமல் போட்டுட்டன், பிள்ளை.”

“நாங்கள் சகுனம் பார்க்கிற ஆக்கள் இல்லை, அன்ரி. இரட்சிக்கப்பட்டனாங்கள்,” என்றாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “எண்டாலும்,” என்றாள். அந்த எண்டாலுமோடு நடந்துவிட்டாள். நான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லோடு சண்டை பிடித்துக்கொண்டு போனேன்.

அந்த மாதம் எஞ்சினியரிடம் கெஞ்சி, அவருடைய அம்மாவோடு வீடியோவில் கதைத்தேன். திரையில் அவருடைய மோவாயும் குளிர்ப்பெட்டியின் உச்சியும் தெரிந்தன. நான் தட்டுகளைப் போட்டுக் காட்ட, அவர் இது வேண்டாம், இதுவும் வேண்டாம், இது தீவுக்காரருடையது, எங்களுடையது இல்லை என்று அடுக்கடுக்காகத் தள்ளினார். ஒரு தட்டில் என் கை தாளம் போடத் தொடங்கியது. விரல்களை எண்ணுவதைப் பார்த்து, இந்தப் பெண் என்ன கணக்குப் பார்க்கிறாள் என்று மகனிடம் கேட்டார். மகன் விளக்கினார். அவர் தானும் மேசையில் தட்டிப் பார்த்தார். ஏழில் இரண்டு பேரும் ஒன்றாக வந்து விழுந்தோம். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்த கையோடு, என் மகன்தான் அந்த மணித்தியாலத்தைச் செய்வான் என்று கண்டிப்பாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். எஞ்சினியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சொன்னால் தட்ட முடியாத பிள்ளைகளை எனக்கும் தெரியும், எங்கள் சனத்திலும் நிறைய உண்டு.

திறந்த மாலைக்கு நான் நினைத்ததைவிடச் சனம் வந்திருந்தது. ஒரு பக்கம் டெனிஷ் ஆட்கள், கோப்பிப் போத்தல்களோடும் கேக்கோடும். மறுபக்கம் எங்கள் சபை, பொரித்த ரோல்ஸ் தட்டுகளோடு. இளம் தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாம் வரிசையில் இருந்தாள், நான்தான் கும்பிடாத குறையாக வரச் சொல்லியிருந்தேன். எஞ்சினியர் முன் வரிசையில், பக்கத்துக் கதிரையில் டேப்லெட், டேப்லெட்டில் அம்மாவின் மோவாய். பொம்மை ரயில்காரர் தன் நேரத்தைத் தாண்டிக் கதைத்தார். நான் தட்டில் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

என் முறை வந்தது. ஒரு மாதமாகப் பாடமாக்கிய டெனிஷ் வசனங்களில் பாதி பறந்துவிட்டது. மிச்சத்தைச் சொன்னேன். இது எபிரஸ் மலைநாட்டு வழக்கம், விழா தொடங்கும்போது முதல் இசை செத்தவர்களுக்கு, அவர்களுக்கு வாசித்துவிட்டுத்தான் உயிரோடு இருக்கிறவர்கள் ஆடுவார்கள் என்றேன். அதையே தமிழிலும் சொன்னேன். பிறகு அந்த உறை இல்லாத தட்டைப் போட்டேன்.

நான் ஒன்றை யோசிக்கவில்லை. மண்டபத்தின் பாதி எங்கள் சனம். எந்த வீட்டில் செத்தவர்கள் இல்லை? கிளாரினெட் இழுக்க இழுக்க, ஒரு ரோல்ஸ் தட்டுக்கூட அசையவில்லை. பின்வரிசையில் ஒரு ஆள் மூக்கை உறிஞ்சினார். நான் இவரைப் பார்த்தேன். இவருடைய தம்பி கடைசி யுத்தத்தில் போனவன். உடல் கிடைக்கவில்லை, செத்தவீடு செய்யவில்லை, எங்கள் வீட்டில் அந்தப் பேரை எடுப்பதுமில்லை. இவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். முகமெல்லாம் ஈரம். துடைக்கவில்லை. இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

தட்டு முடிந்தது. நான் அடுத்த தட்டை வைத்தேன். ஏழு தாள வட்ட நடனம். எல்லோரும் எழும்புங்கள் என்றேன்.

ஒருவரும் எழும்பவில்லை.

டெனிஷ்காரர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எங்கள் சனம் பாஸ்டரைப் பார்த்தது, பாஸ்டர் மேற்கூரையைப் பார்த்தார். எஞ்சினியர் தன் சப்பாத்தைப் பார்த்தார். இளம் தாய் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். டேப்லெட்டில் அம்மா கிரேக்கத்தில் கத்தத் தொடங்கினார். தலைவி ஏதோ குறித்துக்கொள்ளப் பேனாவைத் தேடினார். பாட்டுத் தன்பாட்டில் துள்ளிக்கொண்டு போனது. சரி, போச்சு என்று நினைத்தேன். இன்றைக்கும் வாசலில் நிற்க வைத்துவிட்டேன், அதுவும் எங்கள் ஆட்களையே.

அப்போது இவர் எழும்பினார். எழும்பித் தன் கதிரையைத் தூக்கிச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தார். வீட்டுக்குப் போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்து பக்கத்துக் கதிரையைத் தூக்கினார், அதில் இருந்தவர் பதறி எழும்பினார். அடுத்ததைத் தூக்கினார். பஸ்ஸில் சனத்தைப் பின்னுக்கு நகர்த்துகிற அதே குரலில், “கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, இடம் வேணும்,” என்று இரண்டு மொழியிலும் சொன்னார். மண்டபத்தின் நடுவில் ஒரு வெளி உண்டானது. அதற்குள் வந்து நின்று என்னைப் பார்த்தார்.

“இஞ்சாரும், அந்தப் பாட்டைத் திருப்பி முதல்ல இருந்து போடும்.”

“நீங்கள் ஆடப்போறியளோ?”

“தம்பியைக் கூப்பிட்டுப்போட்டு என்னெண்டு சும்மா இருக்கிறது,” என்றார். “எனக்கு ஆடத் தெரியாது. நீர் எண்ணும்.”

நான் பாட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். தகிட தகதிமி என்று உரத்து எண்ணினேன். அவர் முதல் அடியை வைத்தார். அது நடனமே இல்லை, பிரேக் மிதிக்கிற கால். ஆனால் எண்ணிக்கைக்குச் சரியாக விழுந்தது. இரண்டு பேராகச் சுற்றினோம், இரண்டு பேர் வட்டம் என்பது எவ்வளவு வெட்கம் என்று சொல்லி மாளாது. பிறகு இளம் தாய் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்தாள். “எண்டாலும் பிள்ளைக்கு ஒருக்கா முடிச்சுக் குடுங்கோ, அன்ரி,” என்று என் மறு கையைப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய மச்சாள்மார். மச்சாள்மாருக்குப் பின்னால் ரோல்ஸ் எண்ணெய்க் கையோடு முழுச் சபைப் பெண்களும். என் பிறந்தநாள் நிகழ்ச்சியைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குத் தாளம் ஏற்கெனவே காலுக்குள் இருந்தது, அது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பிறகு டெனிஷ்காரர் வந்தார்கள். வாத்தியார் சொன்னது முழு உண்மை, ஒவ்வொருவருக்கும் ஒரு கால் மிஞ்சியது. மிஞ்சின காலைச் சிரிப்பால் நிரப்பினார்கள். பொம்மை ரயில்காரர் எதிர்ப்பக்கம் சுற்றி எல்லோரையும் முட்டினார். பாஸ்டர் ஆடவில்லை, ஆனால் நின்ற இடத்தில் கைதட்டினார், கைதட்டினால் பாவமில்லை. எஞ்சினியர் டேப்லெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வட்டத்துக்குள் வந்துவிட்டார். அவருக்கு எங்கள் எல்லோரையும்விட மோசமாக ஆட வந்தது. அம்மாவின் முகம் மேலும் கீழும் குலுங்கிக்கொண்டிருந்தது. தனக்குத் தலை சுற்றுகிறது என்று கத்தினாராம், நிறுத்தாதே என்றும் கத்தினாராம். எங்களுக்குத் தலை சுற்றவில்லையா என்ன? எனக்குக் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. தட்டு முடிய யாரோ ஓடிப்போய் ஊசியைத் திருப்பி வைத்தார்கள்.

தலைவியும் வந்து இவருடைய மறு கையைப் பிடித்துவிட்டார். சாவிக்கொத்து தாளம் தப்பிக் குலுங்கியது. எனக்கு எதிரே சுற்றி வரும்போது எஞ்சினியர் ஏதோ கத்தினார், சத்தத்தில் விளங்கவில்லை. அடுத்த சுற்றில் திரும்பக் கத்தினார்.

“அம்மா சொல்கிறார், மணித்தியாலம் உங்களுடையதுதானாம். நான் கால் வைக்கிற அழகுக்கு என்னிடம் கொடுத்தால் ஊரில் மானம் போய்விடுமாம்.” பிறகு குரலைத் தாழ்த்தினார், அதுவும் கத்தலாகத்தான் வந்தது: “புதன்கிழமை எனக்குக் கால்பந்து இருக்கிறது.”

“முறைப்படி நிர்வாகக் குழு கூட வேண்டும்,” என்று தலைவி மூச்சு வாங்கினார். அரைச் சுற்று யோசித்தார். “குழுவில் எல்லோரும் இந்த வட்டத்தில்தான் இருக்கிறார்கள். யாருக்காவது மறுப்பு உண்டா?”

பித்தளை வாத்தியக்காரர் ஏதோ சொல்ல வாய் திறந்தார், மச்சாள்மார் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

என்னுடையது. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்ததெல்லாம் யாரோ வேண்டாம் என்று விட்டுப்போனது. வீடு அப்படி, வேலை அப்படி, ஏன், அந்த மணித்தியாலமே வாத்தியாரின் முழங்கால் விட்டுப்போனது. இன்னொருவருக்கும் உரிமை இருக்க, எல்லோரும் பார்த்து, இது உனக்குத்தான் என்று ஒரு பொருளை என் கையில் யாரும் தந்ததில்லை. எனக்கு அழுகை வெடித்தது. சிரிப்பும் நிற்கவில்லை. கண்ணும் மூக்கும் ஒன்றாக ஓடின, துடைக்க ஒரு கை இல்லை. ஒரு கை இளம் தாயிடம், மற்றது இவரிடம்.

“எண்ணுறதை விட்டிட்டீர்,” என்றார் இவர்.

“ஏலாதப்பா.”

அவர் தன் மறுபக்கத்துக் கையைத் தலைவியிடம் இருந்து உருவினார். சட்டைக் கையை இழுத்துப் பிடித்து, முழுச் சபையும் பார்க்க, என் முகத்தைத் துடைத்துவிட்டார். வெளியில் என் பக்கத்தில் நடக்கவே வெட்கப்பட்டு இரண்டடி முன்னால் போகிற மனுசன். பிறகு தலைவியின் கையைத் திரும்பப் பிடித்துக்கொண்டு, எனக்குப் பதிலாகத் தானே எண்ணத் தொடங்கினார். பிழையாகத்தான் எண்ணினார். நாங்கள் எல்லோரும் அந்தப் பிழைக்கே ஆடினோம்.